பனி உயரத்து வெட்டு

மார்ச் பாதி தாண்டி, ராத்திரியில் உறைபனியும் பகலில் இளவெயிலுமாக அமைந்துவிட்டால் எங்கள் வெர்மாண்ட் மலைப்பக்கத்தில் ஒருத்தரும் வீட்டில் தங்க மாட்டார்கள். மேபிள் மரம் சாறு விடுகிற காலம் அது. மூன்று வாரம், மிஞ்சினால் நாலு. அதற்குள் காய்ச்சி எடுத்ததுதான் வருஷத்துக்குச் சர்க்கரை. ஜட்ஜ் பெட்டிங்கில் என்பவரின் வீட்டம்மா கெசியா அந்த வருஷமும் தோப்பே கதியென்று கிடந்தாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. தோளில் நுகம் வைத்து, இரண்டு பக்கமும் வாளி தொங்க, மரத்துக்கு மரம் போய்ச் சாறு சேர்த்துக்கொண்டு வருவாள். பெரிய இரும்புக் கொப்பரை விடாமல் கொதிக்கும். பொங்கி வழியாமல் இருக்க, மேலே ஒரு துண்டு உப்புக்கண்டப் பன்றிக்கொழுப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பாகு நுரைத்து வந்து கொழுப்பைத் தொட்டதும் அடங்கிப்போகும்.

நூற்றுப் பதினெட்டு மரம். அவள் அப்பா அவளுக்கென்று எழுதிவைத்த நிலம். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இருபத்தாறு பருவம் அந்தத் தோப்பில் அவள் அடுப்புப் புகை குடித்திருக்கிறாள்.

ஜட்ஜ் ஆசகேல் பெட்டிங்கில் சர்க்கரைப் பருவத்தில் ஒரு நாளும் வீட்டில் இருந்ததில்லை. கோர்ட் கூடுகிற காலமும் அதுதான். அவர் சட்டம் படித்தவர் இல்லை. பதினாறு வயசில் நிலமளக்கும் கூட்டத்தில் கோடாலி தூக்கியவர், அப்புறம் விவசாயி, சண்டைக் காலத்தில் சார்ஜென்ட். இங்கிலாந்து ராஜாவின் ஆட்களெல்லாம் ஊரை விட்டுப் போன பிறகு, நியாயம் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்று ஜனங்கள் சுற்றுமுற்றும் பார்த்தபோது, குடிக்காத, கத்தாத, கேட்டுவிட்டுப் பேசுகிற மனுஷனாக இவர்தான் அகப்பட்டார். எங்கள் நாட்டில் ஜட்ஜ் வேலை ஒரு வருஷத்துக்குத்தான். அக்டோபர் தோறும் சட்டசபை கூடி மறுபடி பெயர் சொல்ல வேண்டும். பத்தொன்பது அக்டோபரில் பத்தொன்பது தடவையும் இவர் பெயரைச் சொன்னார்கள். காலையில் மாட்டுக்கு வைக்கோல் போட்ட அதே பூட்ஸோடு வந்து நாற்காலியில் உட்காருவார். படித்த வக்கீல்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. அவர் தீர்ப்பை மேல்கோர்ட் மாற்றியது இரண்டே தடவை.

எல்லைத் தகராறு என்று வந்துவிட்டால் வக்கீல்களுக்குத்தான் திண்டாட்டம். எல்லோரையும் கிளப்பிக் காட்டுக்கு நடத்திவிடுவார். எங்கள் பக்கம் எல்லைக்கல் கிடையாது. கோடு போகும் வழியிலுள்ள மரங்களில் கோடாலியால் பட்டையைச் சீவி அடையாளம் வைப்பதுதான் வழக்கம். மரம் அந்தக் காயத்தின்மேல் வருஷத்துக்கு ஒரு வளையமாக வளர்ந்து மூடிக்கொள்ளும். அதை வெட்டித் திறந்து வளையத்தை எண்ணினால் கோடாலி விழுந்த வருஷம் தெரிந்துவிடும். "சாட்சிக்காரன் குடிச்சிட்டு வருவான், மரம் குடிக்காது" என்பார். மாவட்டம் முழுக்க அவருக்கு மரம் திறக்கும் ஜட்ஜ் என்றே பெயர். அந்தப் பெயரில் கெசியாவுக்கு உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் பக்கத்து நிலத்துக்காரன் யோத்தாம் ஸ்பூனர் தோப்புக்கு வந்தான். ஊருக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. கல்லாங்காட்டை வாங்கிக்கொண்டு, ஆறு பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான்.

"அம்மா, கொஞ்சம் பேசணும்."

"பேசேன். கை சும்மாதான இருக்கு, அந்த விறக எடுத்து அடுப்புல வச்சுக்கிட்டே பேசு."

அவன் நாலு கட்டையை எடுத்து வைத்தான். "பிப்ரவரியில பனி கொட்டுச்சே, அப்ப முள்ளம்பன்னி தேடி இந்தப் பக்கமா வந்தேன். ஆளு ஒசரத்துக்குப் பனி. அது மேல நடந்து வரேன், ஒரு சாம்பல் பட்டை பீச் மரத்துல கண்ணுக்கு நேரா பழைய வெட்டுத் தழும்பு. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. அப்படியே நூல் புடிச்ச மாதிரி பதினோரு மரம்."

"சரி, இருந்துட்டுப் போகட்டும்."

"அது உங்க தோப்புக்கு அந்தாண்ட போகுதும்மா. உங்க வீட்டுப் பக்கமா."

கெசியா அகப்பையைக் கொப்பரைமேல் குறுக்கே வைத்தாள். "அப்ப இந்தத் தோப்பு யாருதுங்கற?"

"அதச் சொல்லத்தான் எனக்கு வாய் வரல."

"வராமலே இருந்திருக்கலாம். எங்க அப்பா ஜூன் மாசம் வந்து, தன் கண்ணால பாத்துப் புடிச்ச எல்ல அது. தோப்புக்கு அந்தக் கடைசியில, நெஞ்சு ஒசரத்துல, வரிசையா வெட்டு இருக்கு. போய்ப் பாத்துக்க. ரெண்டு ஆள் ஒசரத்துல தழும்பு இருந்துச்சுன்னா அது கரடி நகமா இருக்கும்."

"கரடி நேர்கோட்டுல போகாதுங்களேம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. "நீ இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம். நான் இந்தக் கொப்பரைக்கு வந்து இருபத்தாறு வருஷம். எடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குற கதையால்ல இருக்கு."

"நான் சண்டைக்கு வரலம்மா. ஜட்ஜ் ஐயாகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க. அவருதான ஊருக்கெல்லாம் மரத்தத் தெறந்து பாக்கறவரு." சொல்லிவிட்டு, மீதி விறகையும் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போனான். அந்த மரியாதைதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை ஆசகேல் வந்தார். சோளக் கூழும் கொழுப்பில் பொரித்த கறியும் எடுத்து வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னாள். அவரும் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன மரம்னான்?"

"பீச்சாம். ரெண்டு ஆள் ஒசரமாம். சாப்பிடுங்க மொதல்ல."

"பதினோரு மரமா?"

"ஆமா, உக்காந்து எண்ணியிருக்கான். வேற வேல இல்ல."

அவர் அதற்கப்புறம் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஊரே தோப்பில் நின்றது. பனி முழங்கால் அளவுக்கு உருகிவிட்டதால் மரத்தில் ஏணி சாத்த வேண்டியிருந்தது. ஜட்ஜ் கோடாலியைத் தான் தொடவில்லை. ஊர்க் கொல்லனை ஏறச் சொன்னார். ரோஸ்வெல் கிம்பால் என்று ஓர் இளவட்ட வக்கீல், காலேஜில் படித்துவிட்டு வந்தவன், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இதெல்லாம் எதுக்கு ஐயா? மரம் வளரும்போது வெட்டும் கூடவே மேல போயிருக்கும். இது கொழந்தைக்குக்கூடத் தெரியுமே."

"கொழந்தைக்குத் தெரியும் தம்பி, மரத்துக்குத் தெரியாது. அது நுனியிலதான் வளரும். வெட்டு, வெட்டின எடத்துலயே கெடக்கும்."

கட்டை பெயர்ந்து வந்தது. உள்ளே, மூடிய மரத்துக்கு அடியில், கறுத்துப்போன கோடாலி வெட்டு பளிச்சென்று தெரிந்தது. ஜட்ஜ் குண்டூசி முனையால் ஒவ்வொரு வளையமாகத் தொட்டு வாய்விட்டு எண்ணினார். எண்ணிக்கை ஏற ஏறக் கூட்டத்தில் சத்தம் அடங்கியது. இருபத்தொன்பது. அதே நிலத்தின் அளவுப் பதிவு, ஆயிரத்தெழுநூற்று எழுபத்துநாலாம் வருஷம் மார்ச் மாதம். அன்றிலிருந்து விரல் விட்டு எண்ணினால் சரியாக இருபத்தொன்பது.

பிறகு கெசியாவின் அப்பா பிடித்த மரத்தையும் திறந்தார்கள். நெஞ்சு உயர வெட்டு. அதில் முப்பத்தாறு வளையம் இருந்தது. அளவுக்காரன் இந்தக் காட்டில் கால் வைக்காத காலம். அப்போது இங்கே திரிந்தவர்கள் பொறிக்காரர்கள்தான். தோலுக்காகச் சின்ன மிருகங்களுக்குப் பொறி வைத்துவிட்டு, திரும்பி வர வழி தெரிவதற்காக மரங்களைச் சீவிக்கொண்டே போவார்கள்.

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வாய்க்காது. அளந்தவர்கள் மார்ச்சில் ஆறேழு அடி பனிக்கு மேல் நின்று நெஞ்சு உயரத்தில் வெட்டினார்கள். கிழவர் ஜூனில் வந்து, மண்ணில் நின்று, நெஞ்சு உயரத்தில் தேடினார். பொறிக்காரன் வெட்டு கிடைத்தது. எல்லை கிடைத்துவிட்டதென்று தொப்பியைக் கழற்றிக் கர்த்தரைத் துதித்திருப்பார். அண்ணாந்து பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

அப்பா செத்துப் பதினோரு வருஷம். அவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி வைத்தது போல் இருந்தது கெசியாவுக்கு.

கிம்பால் சிரித்துக்கொண்டே சொன்னான்: "வளையம் என்ன வேணா சொல்லட்டும். பதினஞ்சு வருஷம் தடையில்லாம அனுபவிச்சா நிலம் அனுபவிச்சவங்களுது. சட்டம். இந்தத் தீர்ப்ப ஐயாவே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்காரு."

அது உண்மை. ஜட்ஜ் மறுக்கவில்லை. யோத்தாம் தலையை ஆட்டிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வந்த வழியே போய்விட்டான்.

வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. அன்று சாயங்காலம் கொப்பரை முன்னால் உட்கார்ந்து பாகைக் கிண்டிக்கொண்டே கெசியா ஆரம்பித்தாள்.

"ஊர்ல இருக்கற மரத்தையெல்லாம் பொளந்து பாத்தீங்க. பொண்டாட்டி தோப்ப இத்தன வருஷத்துல ஒரு தடவ அண்ணாந்து பாத்தீங்களா? அடுத்தவன் கண்ணுல துரும்பத் தேடினீங்க, நம்ம கண்ணுல உத்தரம் கெடந்திருக்கு."

"மாமா உனக்குக் குடுத்த நெலம். அதப் போய் நான் அளந்து பாத்தா நல்லாவா இருக்கும்?"

"இப்ப மட்டும் ரொம்ப நல்லா இருக்கு." கிண்டினாள். "சரி, என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

அவர் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார்.

"வச்சுக்கலாமா, குடுத்துடலாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"ஏன், வாயில கொழுக்கட்டையா?"

"நெலம் உன் பேருல இருக்கு கெசியா. நீ கையெழுத்துப் போடாம அது நகராது. போடறதா இருந்தா, என்ன வெளிய அனுப்பிட்டு எல்நாத்தான் உன்னத் தனியா ஒரு கேள்வி கேப்பாரு. புருஷன் மெரட்டியா, புருஷன் சொல்லியா போடறன்னு. நான் இன்னிக்கு ஒரு வார்த்த சொன்னாலும் அன்னிக்கு உன் பதில் பொய்யாப் போகும்."

எல்நாத்தான் ஸ்டைல்ஸ் அவரோடு கூட உட்காரும் இரண்டு ஜட்ஜுகளில் ஒருவர்.

"அது ஒரு சம்பிரதாயம். எல்லாப் பொம்பளையும் இல்லன்னுதான் சொல்றா. ஒரு நிமிஷ வேல."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் ஆசகேல். "நான் ஜட்ஜான ரெண்டாம் வருஷம். ஆத்துக்கு மேல, பேர் வேண்டாம், ஒரு பொம்பள. அவ அப்பன் குடுத்த பண்ணைய விக்கறாங்க. புருஷன வெளிய அனுப்பிட்டுக் கேட்டேன். இல்லன்னா. ஆனா அவ என் மூஞ்சியப் பாக்கல. கதவுக்கு அடியில பாத்துக்கிட்டே இருந்தா. நானும் திரும்பிப் பாத்தேன். கதவிடுக்குல அவன் பூட்ஸ் தெரிஞ்சுது. ஒட்டிக் கேட்டுக்கிட்டு நிக்கறான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"எழுதினேன். தன் மனசாரச் சம்மதிச்சாள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் வித்துட்டு மேற்கே ஓடிட்டான். மூணு வருஷம் கழிச்சு, சோத்துக்கு வழியில்லாத அவள ஊர்க்கூட்டத்துல ஏலம் விட்டாங்க. யாரு ஊர்கிட்ட கொறஞ்ச காசு வாங்கிக்கிட்டுச் சோறு போடறாங்களோ அவங்க வீட்டுல போய் வேல செய்யணும்னு. அந்தக் கூட்டத்துல நானும் உக்காந்திருந்தேன்."

பாகு அடிப்பிடித்துவிட்டது. கெசியா கவனிக்கவில்லை. கருகல் வாடை வந்த பிறகுதான் கொப்பரையை இறக்க ஓடினாள். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன் இதை ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. கோர்ட் கூடும்போதெல்லாம், பெண்ணைக் கேட்கும் நேரத்தில் புருஷன்காரனைக் கட்டடத்தை விட்டே இறக்கி, கோர்ட் நடக்கும் விடுதியின் முற்றத்துக் கிணற்றடியில் வெயிலோ மழையோ நிற்க வைப்பார். ஜன்னல் வழியாக அவன் அங்கேதான் நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டே கேள்வியைக் கேட்பார். ஜட்ஜுக்குக் கிறுக்கு என்று ஊர் சிரிக்கும். அவளும் சிரித்திருக்கிறாள்.

பருவம் முடிந்தது. மரத்தில் மொட்டு விட்டதும் சாறு கசந்துபோயிற்று. அவர் உழவு பேசினார், கன்றுக்குட்டி பேசினார், பிரசங்கம் பேசினார். தோப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், ஒரு வாரம் உப்பில்லாமல் பீன்ஸ் வேகவைத்துப் போட்டாள். உப்பு போதவில்லை என்றுகூட அவர் சொல்லவில்லை.

கிம்பால் ஒரு நாள் சர்க்கரை வாங்க வந்தான். "போடாதீங்கம்மா. சட்டம் உங்க பக்கம். ஐயாவால உங்களக் கட்டாயப்படுத்த முடியாது."

"அந்த மனுஷன் என்னக் கட்டாயப்படுத்திட்டா எனக்கு நிம்மதிடா தம்பி" என்றாள் கெசியா. "சர்க்கரைய வாங்கிட்டுக் கெளம்பு."

ஜெபவீட்டு வாசலில் கொல்லன் பெண்டாட்டி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: "ஊருக்குத்தான்டி உபதேசம். ஜட்ஜ் வீட்டுத் தோப்புன்னா வளையத்துக்குக் கணக்கு மறந்துடும்." கெசியா திரும்பி, "உன் புருஷன்தானே ஏணியில ஏறினான், அவன்கிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் வண்டியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றக்கூட மறந்துபோனாள்.

மே மாதக் கோர்ட்டுக்குப் போன ஆசகேல் அன்று மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். கெசியா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். குதிரைச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கோர்ட் நாளில் மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்து அவள் பார்த்ததே இல்லை.

"என்ன ஆச்சு?"

"ஓர் எல்லை வழக்கு. மரத்தத் தெறக்கலாம்னேன்."

"அதுக்கு?"

"பின்னாலேர்ந்து எவனோ சிரிச்சான். ஒருத்தன்தான். அப்புறம் எல்லாரும்." சேணத்தை அவிழ்த்தார். "மத்த ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்னு எழுந்து வந்துட்டேன்."

கெசியாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவரைப் பார்த்து ஒருத்தன் சிரிப்பதா? அதுவும் அவள் தோப்பை வைத்து? நூற்றுப் பதினெட்டு மரத்தையும் அந்தச் சிரிப்பையும் மனசுக்குள் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஆகவில்லை. தீனிக் கூடையைக் கவிழ்த்துவிட்டு, அதே ஏப்ரனோடு ஊர்க் குமாஸ்தா வீட்டுக்கு நடந்தாள்.

குமாஸ்தா பத்திரம் எழுதி வாசித்துக் காட்டினார். "காலஞ்சென்ற என் தகப்பனார் செய்த பிழையால்..."

"அத அடிங்க. எங்க அப்பா பிழை செய்யல. பனி உருகிடுச்சு. அப்படியே எழுதுங்க."

"பனி உருகிடுச்சுன்னு பத்திரத்துல எழுதறதாம்மா?"

"ஏன், உருகலையா?"

எழுதினார்.

சாப்பாட்டு நேரத்தில் புருஷனிடம் சொன்னாள்: "தோப்ப ஸ்பூனருக்கு எழுதச் சொல்லிட்டேன். ஜூன் கோர்ட்டுல கையெழுத்து."

ஆசகேல் பீன்ஸை மென்றுகொண்டிருந்தார். கண் கலங்கியது, அவ்வளவுதான். ரொட்டியை எடுத்து இன்னொரு துண்டு வெட்டினார்.

"இப்பவாவது நல்லதுன்னு ஒரு வார்த்த?"

அவர் தலையை இல்லையென்று ஆட்டினார். அவளுக்கு அந்த ரொட்டியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

ஜூன் மாதக் கோர்ட் வழக்கம் போல் விடுதி மாடியில் கூடியது. கீழே ஆப்பிள் சைடர் வாடை, மேலே வியர்வை வாடை. யோத்தாமும் அவன் பெண்டாட்டியும் சுவரோரமாக ஒடுங்கி நின்றார்கள். கிம்பால் முன் பெஞ்சில் இருந்தான். பத்திரத்தில் முதலில், புருஷன் என்ற முறையில், ஆசகேல் கையெழுத்துப் போட்டார். எல்நாத்தான் ஸ்டைல்ஸ் கனைத்துக்கொண்டு, "ஆசகேல், சம்பிரதாயத்துக்கு அந்த ரூம்ல போய் ஒரு நிமிஷம் இரு, போதும்" என்றார்.

ஆசகேல் தன் தொப்பியை எடுத்துக்கொண்டார். படியிறங்கும் சத்தம் கேட்டது. ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். அவர் முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போய், கட்டடத்துக்கு முதுகு காட்டி, வெயிலில் நின்றார். ஜூன் வெயில். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

எல்நாத்தான் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "கெசியா பெட்டிங்கில், இந்தக் கையெழுத்து உங்க புருஷனுக்குப் பயந்தோ, அவர் மெரட்டியோ, வற்புறுத்தியோ போடறதா?"

"மெரட்டலா?" என்றாள் கெசியா. மூன்று மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. "வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. நல்லதுன்னு ஒரு வார்த்த கேட்டேன், அதுகூடச் சொல்லல. அழுது கேட்டேன், திட்டிக் கேட்டேன். மெரட்டினது யாருன்னா நான்தான் ஐயா. உப்பில்லாம சோறு போட்டேன், அதையும் எழுதிக்கோங்க. இந்த மாவட்டத்துல எந்தப் பொண்டாட்டியும் இவ்வளவு சுதந்திரமாக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டா."

எல்நாத்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். கெசியா பேனாவை மையில் தோய்த்து, அவசரமில்லாமல், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். எல்நாத்தான் மணலைத் தூவிப் பத்திரத்தை உலர்த்தினார்.

"முடிஞ்சுதும்மா. அவரக் கூப்பிடலாமா?"

கெசியா ஜன்னலுக்குப் போனாள். கீழே கிணற்றடியில் ஆசகேல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கழுத்து சிவந்து, கோட்டின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். முற்றத்தில் கூடிய ஜனம் அவரைச் சுற்றி வட்டமாக, சத்தமில்லாமல் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

"இருங்க ஐயா" என்றாள். "கொஞ்ச நேரம் அப்படியே நிக்கட்டும். நான் அவரப் பாத்துக்கிட்டிருக்கேன்."